கடல் கடந்த திருமேனிகள்

சோழர் பெயரைத் தன் பெயரிலேயே ஏந்தி நிற்கும் சோழவரத்தில் கூடித் தமிழ் பேசும் நமக்குச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் பயணம் அயலார் கதையன்று. பகைவர்க்கு அஞ்சி முன்னோர் மண்ணில் புதைத்து வைத்த செல்வங்கள் பல, இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டபின், கடலுக்கு அப்பால் இரண்டாம் முறை மறைக்கப்பட்டன. முதல் மறைவு காப்பதற்கு, இரண்டாவது விற்பதற்கு. அவற்றைத் தேடிப் பிடித்த வரலாறு நம் கவிஞர்கள் அறிய வேண்டுவதாகும்.

பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், சிதைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலருகே, 1976இல் மண்ணைத் தோண்டிய தொழிலாளி ஒருவர்முன் நடராசர் வெளிப்பட்டார். செய்தி அரசுக்கு எட்டவில்லை. பல கைகள் மாறி இலண்டன் சேர்ந்த அத்திருமேனியை 1982இல் கனடா நாட்டுப் பம்பர் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. வாங்கியவர்க்குக் காட்டப்பட்ட முன்வரலாறு பொய்யானது. செப்பனிடுவதற்காகப் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் ஒப்படைத்திருந்தபோது இலண்டன் காவல்துறை அதனைக் கைப்பற்றியது.

பின்னர் எழுந்த வழக்கு விந்தையானது. இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமன்றி, கோயிலும் அதன் சிவலிங்கமும்கூட உரிமை கோரின. இடிந்துபோன கோயில் ஒன்று ஆங்கிலேயர் மன்றத்தில் வழக்காடலாமா என்று எதிர்த்தரப்பு வினவியது. பத்தூரில் அதே இடத்தில் கிடைத்த பிற திருமேனிகளோடு நடராசரை ஒப்பிட்டனர். சிற்ப அமைதி, உலோகம், ஒட்டியிருந்த மண் யாவும் ஆராயப்பட்டன. கறையான் விட்டுச்சென்ற தடங்களுங்கூடச் சான்றாயின. ஓலைச்சுவடிகளைக் கறையான் தின்றதென்று காலமெல்லாம் புலம்பும் நாம், அது நமக்காகச் சாட்சி சொன்ன ஓரிடத்தையும் குறித்து வைத்தல் நன்று. 1988இல் தீர்ப்பு கோயிலுக்குச் சார்பாக வந்தது. இந்தியச் சட்டப்படி ஆளுமை பெற்ற கோயில், தன் பிரதிநிதி வாயிலாக இங்கிலாந்திலும் வழக்காடலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் உறுதி செய்தது.

எல்லா வழக்குகளும் இவ்வாறு தெளிவாக முடிந்தனவல்ல. குடந்தையை அடுத்த சிவபுரத்து நடராசர் பழுதுபார்க்கச் சென்ற இடத்தில் மாற்றப்பட்டார். ஊர் திரும்பியது போலி. கோயிலில் இருப்பது அசலன்று என்பதை 1965இல் வெளிப்படுத்தியவர் பிரித்தானிய அருங்காட்சியக அறிஞர் டக்ளஸ் பாரட். வழிபட்டோர் அறியாததை நூலொன்று அறிவித்தது! அமெரிக்கச் செல்வர் நார்ட்டன் சைமனிடமிருந்த அசல், பத்தாண்டு அங்கேயே காட்சிக்கு இருக்கலாம் என்ற 1976ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 1986இல்தான் திரும்பியது. உரியவன் தன் பொருளைப் பெறத் தவணை கொடுத்த அந்த உடன்படிக்கையை என்னால் பாராட்ட முடியவில்லை.

அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் நடராசரை மீட்டவை பழைய புகைப்படங்கள். நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடம் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் டாலருக்கு வாங்கிய அத்திருமேனி, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்போடு ஒப்பிடப்பட்டது. கருவிழி அறியாத நுண்வேறுபாட்டையும் படம் காட்டிவிடும். 2014இல் திருமேனி தாயகம் திரும்பியது. 2022இல் கும்பகோணம் நீதிமன்றம் கபூருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. சட்டம் நெடுந்தொலைவு நடந்தது மெய்யே. ஆயினும் யாரோ ஒருவர் முன்னரே ஊர்க்கோயிலுக்குச் சென்று படமெடுத்து வைத்திராவிடில் அது எத்திசை நோக்கி நடந்திருக்கும்? நம் வட்டாரத்து ஞாயிறு முதலிய பழந்தலங்களுக்குப் பாடல் புனையச் செல்லும் அன்பர்கள், கோயிலாரின் இசைவோடு ஒரு பட்டியலும் எழுதி வருவாராக.

பத்தூர் நடராசர் 1991இல் தாயகம் வந்தார். வழக்காடி வென்ற கோயிலுக்கு அவர் செல்லவில்லை. திருவாரூர்த் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் பூட்டுக்குள் வைக்கப்பட்டார்.