சீஸ்கேக் எப்போது கனத்தது?

பாப்பாரப்பட்டி வீட்டில் போன வாரம் சீஸ்கேக் சுட்டேன். கிரீம் சீஸ் கிடையாது. ராத்திரி முழுக்கத் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர், முட்டை, கொஞ்சம் மைதா, சர்க்கரை. சாப்பிட்டவர்கள், “நல்லாத்தான் இருக்கு, ஆனா அசல் இல்லையே” என்றார்கள். அசல் எதுன்னு தேடப் போனேன்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் கேட்டோ, வேளாண்மை பற்றிய தன் நூலில் ‘சவில்லும்’ என்ற பண்டத்தின் செய்முறையைத் தருகிறார். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு பாலாடைக்கட்டி, அரைப்பங்கு தேன், ஒரே ஒரு முட்டை. எண்ணெய் தடவிய மண்சட்டியில் ஊற்றி, மூடி போட்டுச் சுட வேண்டும். வெந்ததும் மேலே தேன் தடவி, கசகசா தூவ வேண்டும். கிரீம் என்ற பேச்சே இல்லை!

கனம் பிறகு வந்தது. 1872 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் லாரன்ஸ் பாலோடு கிரீமும் சேர்த்துக் கிரீம் சீஸ் தயாரித்தார். 1880இல் அது ‘பிலடெல்பியா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிலடெல்பியா ஊருக்கும் அதன் தயாரிப்புக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெயருக்கு அப்போது மவுசு இருந்தது, அவ்வளவுதான். ஆக, நாம் ‘அசல்’ என்பதற்கு வயது சுமார் 150.

நம் பக்கத்திலும் உறவுகள் உண்டு. ஒடிசாவின் சேனா போடா, திரித்த பாலைச் சர்க்கரையோடு பிசைந்து சுடுவது. நம்ம சீம்பாலோ முட்டையும் மாவும் இல்லாமலே ஆவியில் கெட்டிப்படும். அதிலுள்ள புரதமே அந்த வேலையைச் செய்துவிடும்.

தேனுக்குப் பதில் நான் ஊற்றியது மாம்பழக் கூழ், சர்க்கரை சேர்க்காமல் சுண்டக் காய்ச்சியது. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அதுக்கா பஞ்சம்? என் கேக் அசலின் குறைபட்ட நகல் இல்லை. பழைய வழிக்குத்தான் திரும்பியிருக்கிறது.