ஒற்றை உள்நுழைவு

ஓர் ஊழியர் ஒரே இடத்தில் தன்னை இன்னார் என்று நிரூபித்துவிட்டு, மின்னஞ்சல், சம்பளக் கணக்கு, விடுப்பு விண்ணப்பம், வாடிக்கையாளர் பதிவு என அலுவலகத்தின் எல்லா மென்பொருளுக்குள்ளும் மறுபடி கடவுச்சொல் கேட்கப்படாமல் போய்வர வகைசெய்யும் ஏற்பாடே ஒற்றை உள்நுழைவு. துறைக்குள் இருப்பவர்கள் ‘எஸ்எஸ்ஓ’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பத்துக் கடவுச்சொல்லை நினைவில் வைக்கும் தொல்லை தீர்ந்தது என்பதே இதற்குச் சொல்லப்படும் பெருமை. ஆனால் இதன் ஏறத்தாழ நாற்பதாண்டு வரலாற்றில் வசதி இரண்டாம்பட்சம்தான். யார் உள்ளே வரலாம் என்ற பதிவேட்டை யார் வைத்திருப்பது என்பதே கட்டத்துக்குக் கட்டம் எழுந்த வழக்கு. ஆளைச் சேர்க்கவும் அனுப்பவும் அதிகாரம் உள்ளவரிடமே பதிவேடும் இருந்தபோது இந்த ஏற்பாடு வேர்பிடித்தது. சம்பந்தமில்லாத மூன்றாமவர் அதை வைத்துக்கொள்ள முயன்றபோது, நுட்பம் சரியாக இருந்தும் பட்டுப்போனது.

கணினிக்குக் கடவுச்சொல் வந்தபோது இந்தச் சிக்கலே இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்படோ தலைமையில் உருவாகி 1961இல் முதலில் இயக்கிக் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் அமைப்பில், ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டார்கள். அவரவர் கோப்பைப் பிரித்துக் காக்கக் கடவுச்சொல் வேண்டியிருந்தது. அது எவ்வளவு ஓட்டைக் காவல் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. ஒதுக்கிய கணினி நேரம் போதாத ஆய்வு மாணவர் ஆலன் ஷெர், 1962இல் கடவுச்சொல் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் இரு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் கோப்புகளைத் திருத்தப்போய், தற்காலிகக் கோப்பு இடம்மாறி, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக ஊரார் கடவுச்சொற்கள் எல்லாம் வந்து விழுந்தன. இருந்தும் இயந்திரம் ஒன்று, பதிவேடு ஒன்று. இயந்திரங்கள் பெருகியபோதுதான் பதிவேடுகளும் பெருகின.

அதே கழகம் டிஇசி, ஐபிஎம் நிறுவனங்களின் துணையோடு 1983இல் தொடங்கிய அதீனா திட்டம் அந்தப் பெருக்கத்தை நேருக்குநேர் சந்தித்தது. வளாகமெங்கும் பொது அறைகளில் கணினிகள். எந்த மாணவரும் எதன் முன்னும் உட்காரலாம். அஞ்சல் ஓர் இயந்திரத்தில், கோப்புகள் இன்னொன்றில், அச்சு வேறொன்றில். இடையில் ஓடும் கம்பியை ஒட்டுக்கேட்பது எளிது. முன்னால் இருக்கும் கணினியையும் நம்ப முடியாது. ரோஜர் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978இல் வெளியிட்ட நெறிமுறையை அடிப்படையாக வைத்து, ஸ்டீவ் மில்லரும் கிளிஃபர்ட் நியூமனும் கெர்பரோஸை வடிவமைத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. மாணவர் தட்டும் கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. மைய இயந்திரம், அந்தக் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் சாவியால் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டிட்ட சீட்டு ஒன்றை அனுப்பும். சரியான ஆளாக இருந்தால் திறந்துகொள்வார். அந்த ஒரு சீட்டைக் காட்டி அஞ்சலுக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று தனிச்சீட்டுகளைப் பெறலாம். நான்காம் பதிப்பில் சீட்டின் ஆயுளை எழுத எட்டு பிட்டுகளே ஒதுக்கியிருந்தார்கள். அலகு ஐந்து நிமிடம். ஆகவே எந்தச் சீட்டும் 21 மணி 15 நிமிடத்துக்கு மேல் உயிர்வாழாது. காவல் என்பது காலக்கெடுவும் சேர்ந்ததே என்ற இந்த எண்ணம் இன்றுவரை மாறவில்லை. மாணவரைச் சேர்ப்பதும் பட்டம் தந்து அனுப்புவதும் கழகம்தான். மையப் பதிவேடும் அதனுடையதே. அதனால் உரிமைத் தகராறு எழவில்லை. மைக்ரோசாஃப்ட் இதன் ஐந்தாம் பதிப்பை விண்டோஸ் 2000இன் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் சேர்த்துக்கொண்டபோது அதே ஒழுங்கு அலுவலகங்களுக்கும் வந்தது. காலையில் ஒருமுறை கணினியைத் திறந்தால் மாலைவரை போதும். ஆனால் அலுவலகச் சுவருக்குள் மட்டும்.

சுவருக்கு வெளியே மென்பொருள் போகத் தொடங்கியதும் அதே காலத்தில்தான். சேல்ஸ்ஃபோர்ஸ் 1999இல் தொடங்கியது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரம் இன்னொருவருடைய சர்வரில் இருக்கும், ஊழியர் உலாவி வழியே அதைத் திறப்பார் என்ற புது ஏற்பாட்டில் கெர்பரோஸ் சீட்டு செல்லாது. அதே 1999இல் மைக்ரோசாஃப்ட் பாஸ்போர்ட் சேவையைத் திறந்தது. இணையம் முழுவதற்கும் ஒரே கணக்கு, பதிவேடு மைக்ரோசாஃப்டிடம். சொந்தத் தளங்களில் அது நன்றாகவே ஓடியது. ஆனால் பிறர் கடையின் வாசலில் மைக்ரோசாஃப்ட் காவலாள் நிற்பதை மற்றவர்கள் விரும்பவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று 2001இல் லிபர்ட்டி அலையன்ஸ் என்ற எதிரணியைக் கூட்டியது. பாஸ்போர்ட்டின் பாதுகாப்பு, தனியுரிமை குறித்த வாக்குறுதிகள் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்த புகார் 2002இல் உடன்பாட்டில் முடிந்தது. 2005 தொடக்கத்தில் ஈபேயும் விலகிக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் சொந்தக் கட்டமைப்பாளரான கிம் கேமரன் அதே ஆண்டு எழுதிய அடையாள விதிகளில் இந்தத் தோல்வியையே பாடமாக எடுத்துக்கொண்டார்: ஒரு பரிமாற்றத்தில் இடம்பெற நியாயமான காரணம் உள்ளவரே அடையாளச் சங்கிலியில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் அவருக்குக் கடன்பட்டது.

மாற்று வழி எதிர்த்திசையில் பிறந்தது: பதிவேட்டை எங்கும் நகர்த்தாமல், அதிலிருந்து ஒரு சாட்சியத்தை மட்டும் அனுப்புவது. ஓயாசிஸ் அமைப்பு 2002இல் சாம்ல் என்ற தரத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான இன்டர்நெட்2 இதே வழியில் ஷிபலெத்தை உருவாக்கியது. விவிலியக் கதையில், ஆற்றைக் கடக்க வந்தவர்களில் பகைவரைப் பிரித்தறிய எபிரேயர்களில் ஒரு பிரிவினர் உச்சரிக்கச் சொன்ன சொல் அது. ழகரத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கமுள்ள நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. லிபர்ட்டியின் வேலையும் ஷிபலெத்தின் வேலையும் சேர்ந்து 2005 மார்ச்சில் சாம்ல் 2.0 ஆயின. இன்றும் அலுவலக மென்பொருள்களில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

நடப்பது இவ்வளவுதான். ஊழியர் கிளவுட் மென்பொருளின் முகவரியைத் திறந்து மின்னஞ்சலை இடுகிறார். அது கடவுச்சொல் கேட்காமல் உலாவியை அவருடைய நிறுவனத்தின் உள்நுழைவுத் தளத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே கடவுச்சொல்லும் கைபேசிக் குறியீடும் சரியாக இருந்தால், யார் அனுப்புவது, இவர் யார், எந்த மென்பொருளுக்கு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம்வரை செல்லும் என்ற விவரங்களோடு எக்ஸ்எம்எல் துண்டு ஒன்று எழுதப்படுகிறது. நிறுவனத்தின் ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட அந்தத் துண்டை, ஊழியரின் உலாவியே கண்ணுக்குத் தெரியாத படிவத்தில் சுமந்துபோய் மென்பொருளிடம் கொடுக்கிறது. மென்பொருளும் நிறுவனத் தளமும் நேரடியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே காரியம் முடிகிறது. இதற்காக நிர்வாகி செய்யும் வேலை முக்கியமாகச் சில பெட்டிகளை நிரப்புவதுதான்: இரு தரப்பின் அடையாளப் பெயர்கள், சாட்சியம் வந்துசேர வேண்டிய முகவரி, கையொப்பத்தைச் சரிபார்க்கும் சான்றிதழ். பெரும்பாலும் இடறுவது இங்கே அல்ல. பதிவேட்டில் புதிய மின்னஞ்சல், மென்பொருளில் பழைய மின்னஞ்சல். ஆள் ஒருவர், கணக்கு இரண்டு. அல்லது சான்றிதழ் காலாவதியாகி ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகமே வெளியே நிற்கும். இரண்டும் பதிவேட்டைப் பேணாத குறைகள்.

எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கலாமா என்பது இதற்கு எதிரான மூத்த ஆட்சேபம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2012இல் 14 சாம்ல் மென்பொருள்களைச் சோதித்து, 11இல் கையொப்பத்தை ஏமாற்றிப் பிறர் பெயரில் நுழைய முடியும் என்று காட்டினார்கள். 2020 இறுதியில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் கையொப்பச் சாவியே திருடப்பட்ட இடங்கள் உண்டு. சாவி போனால் யார் கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லை. திருடனே சாட்சியம் எழுதிக்கொள்வான். ஆனால் கூடைகளைப் பிரித்து வைத்த இடங்களின் கதையையும் பார்க்க வேண்டும். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் முடங்கியது, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பழைய தொலைநுழைவுக் கணக்கு ஒன்றால். இரண்டாம் சோதனை இல்லை, கடவுச்சொல் ஒன்றே காவல். 2024இல் கிளவுட் தரவுச் சேவையான ஸ்னோஃப்ளேக்கின் வாடிக்கையாளர்களில் சுமார் 165 நிறுவனங்களின் தரவு ஆபத்துக்குள்ளானபோதும் நுழைவுவழி அதேதான். சில கடவுச்சொற்கள் 2020இலேயே களவுபோய் மாற்றப்படாமல் இருந்தவை. ஒரே வாசலின் ஆபத்து பெரியது, ஆனால் எங்கே இருக்கிறது என்று தெரியும்; காவலைக் குவிக்கலாம். நாற்பது வாசலில் எது திறந்து கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

இன்னோர் ஆட்சேபம் என் வாதத்தையே நேரடியாகத் தொடுகிறது. ‘கூகுள் மூலம் நுழைக’ என்ற பொத்தானைக் கோடிக்கணக்கானோர் அழுத்துகிறார்களே, மூன்றாமவர் கையில் பதிவேடு இருந்தும் அது வென்றுவிட்டதே என்பது. ஓஆத் 2.0 நெறிமுறை மீது 2014இல் எழுந்து, அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இயங்கும் ஓப்பன்ஐடி கனெக்ட்டின் வெற்றி மறுக்க முடியாதது. அலுவலகங்களிலும் அது சாம்லுக்கு அருகில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் அந்தப் பொத்தான் உள்ளே விடுமே தவிர வெளியே அனுப்பாது. தன் சொந்த ஜிமெயிலால் அலுவலக மென்பொருளுக்குள் வந்தவர் வேலையை விட்டாலும் கூகுளுக்கு அது ஒரு செய்தியே இல்லை. வேலைக்குச் சேர்த்தவரிடம் பதிவேடு இருக்க வேண்டும் என்ற விதி, தனிமனிதர் செய்தித்தாள் படிக்கும் இடத்தில் தளரலாம். சம்பளப் பட்டியல் இருக்கும் இடத்தில் தளராது.

சாம்லும் இதில் பாதிவழிதான் வந்தது. வேலையை விட்ட ஊழியர் மறுநாள் காலை வாசலுக்கு வந்தால் அது தடுக்கும். கைபேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் செயலியையும் மென்பொருளுக்குள் அவர் உருவாக்கிவைத்த நிரல் சாவிகளையும் அது தொடாது. எல்லாவற்றிலிருந்தும் ஒரேயடியாக வெளியேற்றும் வசதி தரத்தில் எழுதப்பட்டிருக்கிறது, நம்பி இருக்கலாகாது. பதிவேட்டில் பெயர் நீக்கப்பட்டவுடன் ஒவ்வொரு மென்பொருளிலும் கணக்கை முடக்கச் சொல்லும் ஸ்கிம் 2.0 நெறிமுறை 2015இல்தான் வந்தது. அதையும் ஒற்றை உள்நுழைவையும் விலைகூடிய திட்டங்களில் மட்டும் தரும் வழக்கம் பல மென்பொருள் நிறுவனங்களிடம் இருக்கிறது. துறையில் இதற்கு ‘எஸ்எஸ்ஓ வரி’ என்று பெயர். அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, சிறு நிறுவனங்கள் இதனால் தயங்குவதை 2024இல் தனி அறிக்கையாகவே வெளியிட்டது. இருபது பேர் உள்ள அலுவலகத்துக்குப் பதிவேடு எதற்கு என்ற கேள்வியை நான் ஏற்கமாட்டேன். அங்கே கணினி நிர்வாகி என்று தனியாள் இருப்பதில்லை, விலகியவரின் கணக்கை நினைவாக மூட ஆளும் இருப்பதில்லை.

பதிவேட்டுக்கு உட்படாமல் வேண்டுமென்றே விட்டுவைக்கும் கணக்கும் உண்டு. உள்நுழைவுத் தளமே படுத்துவிட்டால் அதைச் சீர்செய்ய யாராவது உள்ளே போயாக வேண்டுமே. அதற்காக எந்த ஊழியரின் பெயரிலும் இல்லாத அவசரக் கணக்குகள் குறைந்தது இரண்டாவது வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவுறுத்துகிறது. நீளமான கடவுச்சொல்லைத் தாளில் எழுதி உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவைப்பது நெடுநாள் வழக்கம். 2024 முதல் மைக்ரோசாஃப்ட் தன் நிர்வாகத் தளங்களில் இந்தக் கணக்குகளுக்கும் இரண்டாம் சோதனையைக் கட்டாயமாக்கத் தொடங்கியதால், இப்போது உறைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுப் பாதுகாப்புச் சாவி ஒன்றும் போய்ச் சேருகிறது.