எழுதா மொழிகளின் இலக்கணம்



இலக்கணம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுள் பலருக்கு மனப்பாடமும் மதிப்பெண்ணும் நினைவுக்கு வரும். முப்பத்தைந்து ஆண்டுகள் இலக்கணம் கற்பித்த எனக்கோ, ஒரு சிறுவனின் கட்டுரை ஏடுதான் நினைவுக்கு வருகிறது.

1989-ஆம் ஆண்டு. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரியாத காலம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்து வந்தேன். ‘எங்கள் வீடு’ என்னும் தலைப்பில் அச்சிறுவன் எழுதிய கட்டுரையில், “அம்மா தோட்டத்திலிருந்து வந்தது, அக்கா சோறு ஆக்கியது” என்று இருந்தது. உயர்திணைக்கு அஃறிணை வினையா என்று சினந்து, சிவப்பு மையால் அடித்தேன். அதனோடு நில்லாமல் வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தனர், அவன் தலை குனிந்தான். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்து செழித்த இந்நிலத்தில் தமிழ் மட்டுமா ஒலிக்கிறது? கம்பத்தில் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. போடி, தேனிப் பகுதிகளில் தெலுங்கு பேசுவோர் உளர். குமுளிக் கணவாய் ஏறினால் மலையாளம். மேகமலை, வருசநாட்டு மலைகளில் பளியர் வாழ்கின்றனர். போடிக்கு மேலுள்ள மலைகளிலும் அப்பால் இடுக்கியிலும் முதுவர் வாழ்கின்றனர். ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இத்தனை பேச்சுகள்! இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் என்ன விளங்கும் என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

1816-ஆம் ஆண்டு, சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்பார், காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தம்முள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று அதில் எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1856-இல், கால்டுவெல் தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1875-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டு மொழிகளைக் கணக்கிட்டார். அவற்றுள் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் பண்பட்டவை; தோடா, கோத்தா, கோண்டு, கோந்து, ஓராவோன், இராசமகால் ஆகிய ஆறும் பண்படாதவை என்று பிரித்தார். பெரியகுளத்துக்கு மேலே தெரியும் கொடைக்கானல் மலையில்தான் 1891-இல் அவர் காலமானார். அம்மலைத் தொடரிலேயே வாழும் பளியரின் பேச்சுக்கு அப்பன்னிரண்டில் இடம் இல்லை. பின்னர் கிரியர்சன் நடத்திய இந்திய மொழிக் கணிப்பும் சென்னை மாகாணத்தைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை.

‘பண்படாத மொழி’ என்றால் இலக்கணம் இல்லாத மொழி என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கனடாவில் பிறந்த எமனோ என்னும் அறிஞர் 1935-இல் இந்தியா வந்து, நீலகிரியில் தோடரோடும் கோத்தரோடும் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பின்னர் கோலாமி மொழியையும் ஆராய்ந்தார். எழுத்தே இல்லாத அம்மொழிகளில் விதிகள் ஒழுங்காக அமைந்திருந்தன. அவரும் பர்ரோவும் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியில், நம் தமிழ்ச் சொற்களின் அருகிலேயே மலைவாணர் சொற்களும் சமமாக நிற்கின்றன.

இனி, அச்சிறுவனின் கட்டுரைக்கு வருவோம். தமிழில் அவன், அவள், அது என ஒருமையில் மூன்று பால். தெலுங்கில் ஒருமை வினைக்கு இரண்டே பிரிவு: ஆண் ஒன்று, ஏனைய எல்லாம் மற்றொன்று. ‘அம்மா வச்சிந்தி’ என்றால் அம்மா வந்தாள். ‘பண்டி வச்சிந்தி’ என்றால் வண்டி வந்தது. வினைமுற்று ஒன்றே. பன்மையிலோ பெண்டிர் ஆடவரோடு சேர்ந்துகொள்வர். தொலைவில் ஜார்க்கண்டில் ஓராவோன் மக்கள் பேசும் குடுக் மொழியிலும் பகுப்பு இவ்வாறே. கோலாமியில் பன்மையிலும் பெண்டிர் அஃறிணைப் பக்கமே நிற்பர். தோடா மொழியிலும், பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் வழங்கும் பிராகூயி மொழியிலும் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தான். ஆகவே, அச்சிறுவன் எழுதியது தமிழில் வழுவே எனினும், அறியாமையால் வந்த வழு அன்று. தன் தாய்மொழியின் விதியைப் பிழையின்றிக் கடைப்பிடித்ததால் வந்தது. இதனை நான் நூல்களில் படித்து அறிந்தபோது அவன் பள்ளியை விட்டுச் சென்று பல்லாண்டுகள் ஆகியிருந்தன.

இன்னோர் எடுத்துக்காட்டு. “நாங்கள் சுருளிக்குப் போகிறோம்” என்று உங்கள் நண்பன் சொன்னால், நீங்கள் வீட்டில் இருக்கலாம். “நாம் சுருளிக்குப் போகிறோம்” என்றால், கட்டுச்சோறு கட்டத் தொடங்க வேண்டியதுதான். கேட்போனையும் உளப்படுத்துவது ‘நாம்’. அவனை விலக்குவது ‘நாங்கள்’. தெலுங்கில் மனமு, மேமு என்றும், மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்றும் இவ்வேறுபாடு உண்டு. இக்காலக் கன்னடத்தில் ‘நாவு’ என்னும் ஒரு சொல்லே இரண்டுக்கும் நிற்கிறது. பிராகூயியிலும் ‘நன்’ என்னும் ஒன்றே. ஒடிசா மலைகளில் கோந்து மக்கள் பேசும் குயி மொழியிலோ ஆஜு, ஆமு என இரண்டும் உள்ளன. குடுக் மொழியில் உளப்படுத்தும் சொல் என்ன தெரியுமா? ‘நாம்’ என்பதே! விலக்கும் சொல் ‘ஏம்’. அது பழந்தமிழின் ‘யாம்’ என்பதற்கு உறவு. ஆயிரம் கல் தொலைவுக்கு அப்பால், நம் மொழியை ஒருநாளும் கேட்டிராத உழவர் வாயில் நம் சொல் வாழ்கிறது.

இவ்வேறுபாடு நமக்கே உரியது என்று செருக்குற வேண்டா. மலாய் மொழியில் கித்தா, காமி என்று இரண்டு உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வழங்கும் கெச்சுவா மொழியிலும் உண்டு. 1560-இல் அம்மொழிக்கு இலக்கணம் அச்சிட்ட டொமிங்கோ டி சாண்டோ தோமாஸ் என்னும் ஸ்பானியத் துறவி, தம் தாய்மொழியில் இல்லாத இவ்வேறுபாட்டைக் கண்டு குறித்து வைத்தார். ஆங்கிலத்தில் இன்றும் இது இல்லை. ஆங்கிலம் அறிந்தவன் கூறமுடியாததை ஒரே சொல்லால் கூறிவிடுகிறான் இராசமகால் மலைவாணன்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. கெச்சுவாவும் தமிழும் இதில் ஒத்திருப்பதால் உறவு மொழிகள் ஆகிவிடா. விதி மட்டும் ஒத்தால் அது சாயல். விதியோடு சொற்களும், ஒலி மாற்றங்களும் ஒழுங்காக ஒத்து வந்தால்தான் அது குருதி உறவு. முகச்சாயல் கண்டவரையெல்லாம் பங்காளி என்று நாம் சொல்வதில்லை அன்றோ?

நம் மலைகளுக்குத் திரும்புவோம். பளியர், முதுவர் பேச்சுகள் தமிழுக்கு மிக நெருங்கியவை. கிளைமொழி என்பாரும் உளர். தனிமொழி என்பாரும் உளர். எவ்வாறாயினும் அவற்றுள் விதி உண்டு. பள்ளிக்கு வரும் மலைப்பிள்ளை தன் பேச்சுக்காக ஒருமுறை நகைக்கப்பட்டால், மறுமுறை வாய் திறவான். பின்னர் தன் பிள்ளைக்கும் அப்பேச்சைக் கற்பியான். பஞ்சமோ போரோ இல்லாமலே, வகுப்பறைச் சிரிப்பு ஒன்றினால் மொழி அழியத் தொடங்கும்.

மாணவர்களே! உங்கள் வகுப்புத் தோழன் வேறுவிதமாகப் பேசினால் சிரியாதீர்கள். “உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள், கேட்டதை ஏட்டில் எழுதி வையுங்கள். நல்ல தமிழ் எழுதவும் தவறாது கற்றுக்கொள்ளுங்கள். ஒன்றைக் கற்பதற்கு மற்றொன்றை இகழ வேண்டிய தேவை இல்லை.

அச்சிறுவனைப் பின்னர் நான் காணவில்லை. அவனிடம் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொன்னேன்.