விற்பனையில் உண்டு, தேடினால் கிடைக்காது: இணையக் கடைகள் மறைத்துவைக்கும் மின்னூல்கள்

2018ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், பாலுறவுக் கதைகளும் காதல் நாவல்களும் எழுதிச் சொந்தமாக வெளியிடும் பலர் ஒரு மாற்றத்தைக் கண்டனர். அமேசான் தளத்தில் அவர்களது நூல்களுக்குரிய விற்பனை வரிசை எண் காணாமல் போயிருந்தது. நூல் நீக்கப்படவில்லை. விலையும் அட்டைப்படமும் வாசகர் கருத்துகளும் அப்படியே இருந்தன. எண் மட்டும் இல்லை.

ஓர் எண் போனால் என்ன என்று தோன்றலாம். அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியல் அந்த எண்ணைக் கொண்டுதான் உருவாகிறது. பதிப்பகமோ, நாளிதழில் மதிப்புரையோ, புத்தகக் கடையில் ஓர் அலமாரியோ இல்லாத எழுத்தாளருக்கு அந்தப் பட்டியல்தான் கடை வாசல். அது மூடப்பட்டால், பெயரைத் தெரிந்துகொண்டு தேடி வருபவரைத் தவிர வேறு யாருக்கும் அந்த நூல் இருப்பதே தெரியாது.

எவரும் தம் நூலைத் தாமே விற்கலாம் என்ற வசதியை அமேசான் 2007 நவம்பரில் கிண்டில் கருவியுடன் சேர்த்து அறிமுகப்படுத்தியது. 2010இல், 2.99 முதல் 9.99 அமெரிக்க டாலர் வரை விலையுள்ள மின்னூல்களுக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை கிடைக்கும் வழி வந்தது. பாலுறவுக் கதைகளுக்கு இது பொருத்தமான சந்தையாக அமைந்தது. ரயிலில் படித்தாலும் பக்கத்து இருக்கைக்காரருக்கு அட்டை தெரியாது. கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டிய சங்கடமும் இல்லை.

இத்தகைய நூல்களை மறைக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு நூலுக்கு ‘வயது வந்தோருக்கானது’ என்ற குறி விழுந்தால், கடை முழுவதையும் தேடும்போது அது வராது. பரிந்துரைகளிலும் தலைகாட்டாது. எழுத்தாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘நிலவறை’. குறி விழுவதற்குப் பெரும்பாலும் அட்டைப்படம், தலைப்பு, அறிமுகக் குறிப்பு ஆகியவையே காரணம் என்பது அவர்கள் பட்டறிந்த பாடம். இதை முன்கூட்டிச் சொல்லும் கடிதம் எதுவும் வருவதில்லை என்பதே அவர்களது பெரிய குறை. விற்பனை சரிந்த பிறகு, தாமே தேடிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அட்டையை மாற்றுகிறார்கள், ஒரு சொல்லை நீக்குகிறார்கள், மீண்டும் தேடிப் பார்க்கிறார்கள்.

பாலுறவுக் கதை எழுதாதவர்களையும் இது பாதித்திருக்கிறது. 2009 ஏப்ரலில் அமேசானில் 57,310 நூல்கள் ஒரேயடியாக வரிசை எண்ணை இழந்தன. ஆன்னி புரூவின் ‘புரோக்பேக் மவுன்டன்’ போன்ற இலக்கியப் படைப்புகளும், ஓரினச் சேர்க்கையாளர் வாழ்வைச் சொல்லும் நூல்களும், உடல்நல நூல்களும் அவற்றில் அடக்கம். அது நூற்பட்டியல் தயாரிப்பில் நேர்ந்த பிழை என்று நிறுவனம் கூறி, அதைச் சரிசெய்தது.

கடைக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாலியல் வன்கொடுமை, முறைகேடான உறவு ஆகியவற்றைச் சித்திரிக்கும் மின்னூல்கள் பெரிய தளங்களில் தாராளமாக விற்கப்படுவதை 2013 அக்டோபரில் பிரிட்டிஷ் இணைய இதழான ‘தி கெர்னல்’ வெளிப்படுத்தியது. தம் தளத்தில் ஒரு பெற்றோர் எதேச்சையாக இவற்றைக் காண்பதை எந்தக் கடையும் விரும்பாது. சாதாரணக் காதல் நாவல் என்ற வகையில் இவற்றைப் பதிவுசெய்து வாசகர்களை ஏமாற்றியவர்களும் உண்டு.

ஆனால் அன்று எடுக்கப்பட்ட நடவடிக்கை, கொசுவை அடிக்கக் கோடரி எடுத்த கதைதான். டபிள்யூ.எச்.ஸ்மித் நிறுவனம் தன் இணையத்தளத்தையே சில நாள்களுக்கு மூடியது. கோபோ நிறுவனம் பிரிட்டனில் சொந்தப் பதிப்பு நூல்களை மொத்தமாக எடுத்துவிட்டுச் சரிபார்க்கத் தொடங்கியது. பாலுறவுக்குச் சம்பந்தமே இல்லாத நூல்களும் அதில் அகப்பட்டன. அதேவேளையில் ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ எங்கும் தாராளமாகக் கிடைத்தது. 2012இல் பெரிய பதிப்பகம் அதை மறுபதிப்பாக வெளியிட்டிருந்ததே காரணம். என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைவிட, யார் வெளியிட்டது என்பதே அன்று பெரிதாகப் பார்க்கப்பட்டது.

கடைக்கும் மேலே இன்னொரு கை இருக்கிறது. 2012 பிப்ரவரியில் பேபால் நிறுவனம், மின்னூல் விநியோகத் தளமான ஸ்மாஷ்வேர்ட்ஸுக்கு ஒரு கெடு விதித்தது. குறிப்பிட்ட சில வகைப் பாலுறவுக் கதைகளை நீக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றது. கடன்பற்று அட்டை நிறுவனங்களின் விதிகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஸ்மாஷ்வேர்ட்ஸ் நிறுவனர் மார்க் கோக்கர் விவகாரத்தைப் பகிரங்கப்படுத்தினார். கருத்துரிமை அமைப்புகளும் குரல் கொடுத்தன. மார்ச் மாதத்தில் பேபால் பின்வாங்கியது. ஒட்டுமொத்த வகைகளைத் தடுக்காமல் தனித்தனி நூல்களையே பார்க்கப்போவதாகவும், சட்டவிரோதமாக இருக்கக்கூடிய படங்கள் உள்ளவற்றில் கவனம் செலுத்தப்போவதாகவும் அறிவித்தது.

எழுத்தாளர்கள் வென்ற அரிய தருணம் அது. கெடு விதித்தது யார், எதற்காக என்பது வெளிப்படையாகத் தெரிந்ததால் எதிர்த்துப் பேச முடிந்தது. 2018இல் அப்படியில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் அப்போது நிறைவேற்றிய இணையப் பாலியல் கடத்தல் தடுப்புச் சட்டம்தான் காரணமோ என்று சிலர் சந்தேகித்தனர். காரணம் தெரியாமல் யாரிடம் முறையிடுவது?

தமிழில் கிண்டில்வழி நூல் வெளியிடுவோரும் அதே நிறுவனத்தின் உள்ளடக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களே.

பழைய கதை அண்மையில் மீண்டும் நடந்தது. 2025 ஜூலையில், மின்னியல் விளையாட்டுகளுடன் நூல்களும் சித்திரக் கதைகளும் விற்கப்படும் இட்ச் தளம், வயது வந்தோருக்கான படைப்புகளைத் தேடலிலிருந்து எடுத்தது. ஆஸ்திரேலிய அமைப்பு ஒன்றின் இயக்கத்தைத் தொடர்ந்து, பணம் செலுத்தும் சேவை நிறுவனங்கள் கொடுத்த நெருக்குதலே காரணம் என்று தளம் தெரிவித்தது. படைப்பாளர்களுக்கு முன்னறிவிப்பு இல்லை. மாத இறுதியில் இலவசப் படைப்புகள் மட்டும் தேடலுக்குத் திரும்பத் தொடங்கின. விலை வைத்து விற்றவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.