ஏலம் எடுத்தவர் பணம் தராவிட்டால்? ஒரு சின்ன வரலாறு



விருத்தாசலம் பீங்கான் பொம்மை, அகல் விளக்கு என்று உங்களில் சிலர் செல்போனிலேயே ஏலம் விட்டு விற்கிறீர்கள். சிலர் மல்லாட்டையையும் உளுந்தையும் விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வைக்கிறீர்கள். இரண்டு தரப்பும் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், ஏலம் எடுத்தவர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார், என்ன செய்வது?" வட்டிக்கு வாங்கி உரம் போட்டவருக்குப் பத்து நாள் தாமதமே லாபத்தைத் தின்றுவிடும். வரலாறு வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்! பொறுமையாகப் படியுங்கள்.

கி.பி. 193-இல் ரோமாபுரியின் காவல்படையினர் பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, ஆட்சியையே ஏலம் விட்டார்கள். தலைக்கு 25,000 செஸ்டர்ஸ் தருவதாகச் சொல்லி டிடியஸ் ஜூலியானஸ் எடுத்தார். கொடுக்கக் கருவூலத்தில் காசில்லை என்று எழுதுகிறார் ஹெரோடியன். 66 நாளில் அவர் கதை முடிந்தது. சரக்கைக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் காத்திருந்தவர்களில் ஆயுதம் ஏந்தியவர்களும் உண்டு!

அதே ரோமர்களிடம் நல்ல ஏற்பாடும் இருந்தது. கி.பி. 79-இல் எரிமலையில் புதைந்த பொம்பெயி நகரில் கேசிலியஸ் யுகுண்டஸ் என்றொரு வட்டிக்கடைக்காரர் இருந்தார். அவர் வீட்டில் 1875-இல் 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன. பெரும்பாலானவை ஏல ரசீதுகள். கமிஷன் போக மீதிப் பணம் பெற்றுக்கொண்டேன் என்று விற்றவர் தரும் ஒப்புதல் அவை. வாங்கியவரிடம் வசூலிப்பது யுகுண்டஸின் பாடு. நடுவில் நாணயமான ஒரு கை இருந்ததால் விற்றவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

நம் பக்கம் வருவோம். பழைய தென்னார்க்காடு மல்லாட்டைக்குப் பேர்போனது. புதுச்சேரி வழியாகக் கப்பலேறி பிரான்சின் மார்சேய் துறைமுகம் வரை போயிற்று. ஆனால் விதைக்கும்போதே வியாபாரியிடம் கடன் வாங்கிய குடியானவர், அறுவடையை அவருக்கே போட வேண்டியிருந்தது. விலையும் எடையும் அவர் சொன்னதுதான். இதை மாற்றத்தான் 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தது. 1959-லும் 1987-லும் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. உரிமம் பெற்ற வியாபாரி, பொதுவான எடை, மறைமுக ஏலம் எல்லாம் இப்படி வந்தவைதான்.

இன்னொரு சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பணம் பெறாத விற்பனையாளர் என்று ஒருவரைத் தனியாகவே குறிப்பிடுகிறது. கடன் பேசாமல் விற்றிருந்தால், பணம் வரும்வரை சரக்கைத் தன்னிடமே நிறுத்தி வைக்கலாம். மறுபடி விற்கப்போவதாக அறிவித்த பிறகும் நியாயமான காலத்துக்குள் பணம் வராவிட்டால் வேறு ஒருவருக்கு விற்கலாம். அதில் நட்டம் வந்தால் முதலில் எடுத்தவரிடம் கேட்கலாம். இவ்வளவும் சரக்கு உங்கள் கையில் இருக்கும்வரை மட்டுமே!

இணையம் வந்தபோதும் இதே பாடத்தைத்தான் மறுபடி படித்தார்கள். 1995-இல் ஈபே தொடங்கியது. விளையாட்டாக ஏலம் கேட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் ஏராளம். அத்தகையவர் கணக்கில் கரும்புள்ளி வைத்துப் பார்த்தார்கள். 2004-இல் இந்தியாவின் பாஸி டாட் காமை ஈபே வாங்கியது. பிறகு இங்கே வந்த பைசாபே முறையில், வாங்குபவர் பணத்தை முதலில் நடுவில் கட்டினார். யுகுண்டஸ் கணினிக்குள் வந்து உட்கார்ந்ததுபோல!

2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் மின்னணு வேளாண் சந்தையின் வரிசையும் அதுதான். நுழைவுப் பதிவு, தரம் பார்த்தல், ஏலம், எடை, பில், பணம், கடைசியாகத்தான் சரக்கு வெளியேறுதல். இந்த வரிசை எங்கே தலைகீழாகிறதோ, அங்கேதான் விவசாயி வங்கிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடக்கிறார்.

பீங்கான் தொழில் செய்யும் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒன்று. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. உதயம் பதிவு இல்லாதவர்கள் முதலில் அதைச் செய்யுங்கள். இணையவழியில் முறையிடலாம்.

ஏலத்துக்கு முன்பே பணம் கட்டவேண்டிய நாளை எழுத்தில் சொல்லுங்கள். முன்பணம் வாங்குங்கள். நாள் தவறினால் ஒருமுறை மரியாதையாக நினைவூட்டுங்கள். பிறகு எழுத்தில் அறிவிப்பு, பிறகு அடுத்தவருக்கு விற்பனை. கோபமோ கெஞ்சலோ வேண்டாம். புது ஆளாக இருந்தால், பணம் உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்க்காமல் பெட்டியைக் கட்டாதீர்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் பணமாகாது.

கையிலே காசு, வாயிலே தோசை என்று நம் பெரியவர்கள் சொன்னதைத்தான் ரோமாபுரி முதல் இ-நாம் வரை எல்லோரும் சட்டமாக எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளா, உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும்.