கண்ணீரும் பொறுப்பும்: சூழல் விளம்பரங்களின் அறம்

சரக்கை விற்பதற்கென வளர்ந்த விளம்பரக் கலை, சமூக நன்மைக்கும் இயற்கையின் பாதுகாப்புக்கும் தன் திறமையை ஒப்படைக்கும்போது, காண்போர் நெஞ்சைத் திடுக்கிடச் செய்வதொன்றையே அதன் வெற்றிக்கு அளவுகோலாகக் கொள்வது பெருவழக்காகியிருக்கிறது. அவ்வளவுகோல் போதாது என்பது என் துணிபு. உணர்ச்சியை எழுப்புதல் எளிது. எழுப்பிய உணர்ச்சியை, தீமைக்குப் பரிகாரம் காணும் அதிகாரம் எவரிடம் உள்ளதோ அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துதலே அரிது. உலகறிந்த இரண்டு விளம்பரங்களை ஒப்பிட்டு இதனை நிறுவ முயல்வேன்.

1971ஆம் ஆண்டுப் புவி நாளன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு குறும்படம் வெளியாயிற்று. பூர்வகுடி மனிதர் ஒருவர், மிதக்கும் கழிவுகளையும் ஆலைப் புகையையும் கடந்து தோணியில் வந்து, கரையேறி நெடுஞ்சாலையோரம் நிற்கிறார். ஓடும் காரிலிருந்து எறியப்பட்ட குப்பைப் பொட்டலம் அவர் காலடியில் சிதறுகிறது. திரும்பிய அவர் கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் வழிகிறது. மாசைத் தொடங்குவோர் மக்களே, நிறுத்த வல்லோரும் மக்களே என்பது படத்தின் உபதேசம். சொற்சிக்கனத்தாலும் காட்சியின் உருக்கத்தாலும் அது போற்றத்தக்க சிருஷ்டியே.

எனினும், அதனை வெளியிட்ட ‘கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்’ அமைப்பின் வரலாற்றையும் உடன் வைத்து நோக்கினாலன்றி அதன் தாத்பரியம் விளங்காது. 1953இல் தோன்றிய அவ்வமைப்பை நிறுவியோருள், டப்பா செய்யும் அமெரிக்கன் கேன் கம்பெனியும் புட்டி செய்யும் ஓவன்ஸ் இல்லினாய் கம்பெனியும் அடங்கும். அதே ஆண்டில், திரும்பப் பெறாத புட்டிகளில் பீர் விற்பதை வெர்மான்ட் மாநிலம் சட்டத்தால் தடுத்தது. நான்கு ஆண்டுகளில் அச்சட்டம் காலாவதியாயிற்று. கண்ணீர்ப் படம் வெளியான 1971இலேயே, காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுப்போர்க்கு வைப்புத் தொகையை மீட்டளிக்கும் சட்டத்தை ஆரிகன் மாநிலம் இயற்றியது. இத்தகைய சட்டங்களை எதிர்த்து நின்ற அவ்வமைப்பின் ஆலோசனைக் குழுவிலிருந்து சூழல் பாதுகாப்பு இயக்கங்கள் பின்னர் விலகின. ஆகவே, ‘மக்கள்’ என்னும் அந்த ஒரு சொல்லுக்குள், புட்டியை எறிந்த கை வெளிப்பட்டது. எறிவதற்கென்றே அதைச் செய்த கை மறைந்தது.

அக்கண்ணீருங்கூட இரவலே. பூர்வகுடியினராக நடித்த அயர்ன் ஐஸ் கோடி, இத்தாலிய வம்சத்தவர். 2023இல் அப்படத்தின் உரிமை அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியக் காங்கிரஸின் நிதியத்துக்கு மாற்றப்பட்டதும், அதனை வழக்கொழியச் செய்வதென அவர்கள் தீர்மானித்தது நியாயமே. உளவியல் அறிஞர் ராபர்ட் சியால்டினி மற்றொரு குறையையும் சுட்டினார்: எங்கும் குப்பை நிறைந்த காட்சி, குப்பை எறிதல் எல்லாரும் செய்வதே என்னும் செய்தியையும் உடன் உணர்த்திவிடுகிறது.

இனி, 2010இல் கிரீன்பீஸ் இயக்கம் வெளியிட்ட படத்தைக் காண்போம். அலுவலக ஊழியர் ஒருவர் கிட் கேட் மிட்டாயின் உறையைப் பிரிக்கிறார். உள்ளிருப்பது ஒராங்குட்டானின் விரல். அவர் கடிக்க, இரத்தம் சொட்டுகிறது. இவ்வளவு குரூரம் தகுமோ எனில், அக்குரூரம் கற்பனையாயினும் அது சுட்டும் காரிய காரணத் தொடர்பு மெய்யானது என்பேன். அம்மிட்டாயில் சேரும் பாமாயிலுக்காக இந்தோனேசியக் காடுகள் அழிவதையும், காட்டோடு அவ்வுயிரினம் அழிவதையும் அது ஒரே காட்சியில் இணைத்து, குற்றத்தை உண்பவரோடு நிறுத்தாமல் நெஸ்லே நிறுவனத்தின் கொள்முதல் வரையில் கொண்டு சென்றது. நிறுவனத்தின் முறையீட்டால் யூடியூப் அதனை நீக்கியது; நீக்கமே அதனை மேலும் பரப்பிற்று. அவ்வாண்டு மே மாதத்தில், காட்டழிப்போடு தொடர்புடைய பாமாயிலை விலக்குவதாக நெஸ்லே உறுதியளித்தது.

தனிமனிதக் கடமையை நான் குறைத்துரைக்கவில்லை. கைக்குப்பையைத் தொட்டியில் இடுதல் ஒவ்வொருவர்க்கும் தர்மமே. ஆனால் ஒரு கடமையை ஒளியில் நிறுத்தி அதன் நிழலில் மற்றொன்றை ஒளிக்கும் விளம்பரம், எத்துணை உருக்கமாயினும், சமூகத்தை ஏமாற்றுவதேயாகும். அந்தக் கண்ணீர்த்துளி வழிப்போக்கனை மட்டுமே குற்றவாளியாக்கியது. ஆரிகன் சட்டத்தின் ஐந்து சென்ட் வைப்புத் தொகையோ, புட்டியை வாங்கியவரையும் விற்றவரையும் ஒரே கடமையில் பிணைத்தது.