இறால் ஓட்டை முந்திய நைலான்

ஈரச் சந்தையில் நண்டு வாங்கிச் சமைப்பவர்களுக்குத் தெரியும், காசு கொடுப்பதில் பாதிக்கு மேல் ஓடாகத்தான் போகிறது. உலகில் ஆண்டுதோறும் 6 முதல் 8 மில்லியன் டன் வரை இறால், நண்டு ஓடுகள் கழிவாகின்றன என்று சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர் யான் நிங்கும் அவரது சகாவும் 2015ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினர்.

இந்த ஓட்டிலிருந்து பிளாஸ்டிக் செய்யும் எண்ணம் புதியதன்று. ஓட்டுக்கு உறுதி தருவது கைட்டின் என்னும் பொருள். பிரான்ஸைச் சேர்ந்த பிராக்கொன்னோ 1811இல் அதை முதலில் கண்டது கடலில் அல்ல, காளானில்! 1859இல் ரூஜே என்பவர் கைட்டினைக் காரத்தில் கொதிக்கவைத்து, மென்மையான அமிலத்தில் கரையும் பொருளாக மாற்றினார். அதுவே பின்னர் கைட்டோசான் எனப் பெயர் பெற்றது. கரைந்தால்தானே அச்சில் வார்க்க முடியும்?

அமெரிக்காவின் டுபோண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரிக்பி, கைட்டோசானில் மெல்லிய தாளும் இழையும் செய்ய 1936இல் காப்புரிமை பெற்றார். ஆனால், அதே நிறுவனத்தில் 1935இலேயே நைலான் பிறந்துவிட்டது. ஆலையில் ஒரே தரத்தில், வேண்டிய அளவு செய்யக்கூடிய இழை அது. 1940இல் நைலான் காலுறைகள் கடைக்கு வந்தன. ஓடு குப்பைக்கே போனது. ஸ்டான்போர்டு 1881இல் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினையும் பிரித்திருந்தார்.

2014இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹாவியர் பெர்னாண்டஸ், டொனால்ட் இங்பர் இருவரும் கைட்டோசானை அச்சில் வார்த்துப் பொருள்கள் செய்து காட்டினர். பின்பு சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பெர்னாண்டஸின் குழு, கைட்டினுடன் தாவர நாரான செல்லுலோசைச் சேர்த்து 1.2 மீட்டர் நீளக் காற்றாலை இறக்கையைச் செய்தது. மறு ஆண்டு, 2019இல், மீன் தோலையும் செதிலையும் சிவப்புக் கடற்பாசியால் பிணைத்து மெல்லிய தாள் செய்த பிரிட்டிஷ் மாணவி லூசி ஹியூஸுக்கு ஜேம்ஸ் டைசன் விருது கிடைத்தது. விருந்துகளில் பரிமாறப்படும் அகார் அகாரும் சிவப்புக் கடற்பாசியிலிருந்து வருவதே.

இடையூறு ஓட்டை உரிப்பதில்தான் இருக்கிறது. சுண்ணாம்பை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும் புரதத்தை நீக்கக் காஸ்டிக் சோடாவும் வேண்டும். ஒரு கிலோ கைட்டோசான் எடுக்க ஒரு டன்னுக்கும் அதிகமான தண்ணீர் செலவாகிறது என்று யான் நிங்கின் அதே 2015 கட்டுரை குறிப்பிடுகிறது.